திரையைச் செயலியே வரைகிறது: பழைய இன்டெல் கணினியில் வன்பொருள் முடுக்கம் கிடைக்கவில்லை

வடக்குவீதி (கேள்வி)

வணக்கம். அலுவலகம் ஒன்றில் கழித்துவிட்ட மேசைக்கணினியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கி வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். இன்டெல் கோர் ஐ5-4570 செயலி, 8 ஜிபி நினைவகம். தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. செயலிக்குள்ளேயே இருக்கும் எச்டி கிராபிக்ஸ் 4600தான். போன மாதம் வட்டு பழுதாகிவிட்டதால் புதிய எஸ்எஸ்டி பொருத்தி, லினக்ஸ் மின்ட் 21.3 இயங்குதளத்தைச் சின்னமன் என்னும் திரைச்சூழலோடு புதிதாக நிறுவினேன். அன்று முதல் கணினி பத்து வயது கூடிவிட்டதைப் போல நடந்துகொள்கிறது.

ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்தால் அது அரை நொடி கழித்துத்தான் பின்னால் வருகிறது. மகள் பாடம் பார்க்கும் யூடியூப் காணொளிகள் 720பி அளவிலேயே திக்குகின்றன; அந்த நேரத்தில் செயலியின் நான்கு கோர்களும் 90 விழுக்காட்டைத் தொடுகின்றன, விசிறியின் இரைச்சல் அடுத்த அறை வரை கேட்கிறது. திரையின் இயல்பான அளவு 1600×900 ஆக இருக்க, அமைப்புகளில் 1024×768 என்ற ஒரே ஓர் அளவு மட்டுமே காட்டப்படுகிறது.

டிரைவர் மேனேஜரைத் திறந்தால் கூடுதல் டிரைவர் எதுவும் தேவையில்லை என்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டியைப் பின்பற்றி இன்டெல்லின் மீடியா டிரைவர் தொகுப்பை நிறுவி, சூழல் மாறிகளுக்கான கோப்பில் அதில் சொல்லியிருந்த ஒரு வரியையும் சேர்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. இன்டெல் தளத்திலிருந்து டிரைவரைத் தனியாகப் பதிவிறக்க வேண்டுமா? அல்லது இந்தக் கணினியின் காலம் முடிந்துவிட்டதா?

கெர்னல் கிழவர்

வணக்கம் நண்பரே. எதையும் பதிவிறக்க வேண்டாம். விண்டோஸில் ‘டிரைவர்’ என்று ஒரே கோப்பாக நிறுவிப் பழகியவர்களுக்கு லினக்ஸில் குழப்பம் வருவது இயல்பு. இங்கே அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து தனித்தனிப் பகுதிகள் அடங்கியிருக்கின்றன. அடியில் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) ஐ915 மாட்யூல் இருக்கிறது. திரையின் அளவை அமைப்பதும், ஜிபியுவின் (கிராபிக்ஸ் சிப்பின்) நினைவகத்தைப் பங்கிடுவதும், அதற்கு வேலைகளை வரிசையாக அனுப்புவதும் அதன் பொறுப்பு. அதற்கு மேலே மெசா என்னும் தொகுப்பு, ஓப்பன்ஜிஎல் என்னும் வரைகலைக் கட்டளைகளை உங்கள் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றுகிறது. உங்கள் தலைமுறைச் சிப்புக்கு மெசாவில் உள்ள டிரைவரின் பெயர் க்ரோகஸ். காணொளியைப் பிரித்துக் காட்டும் வேலைக்கு விஏ-ஏபிஐ என்ற வேறொரு பாதையும், அதற்கென்று வேறொரு டிரைவரும் உள்ளன. இவை அனைத்துக்கும் மேலே உலாவி உட்கார்ந்திருக்கிறது. அது கீழே உள்ளவற்றைப் பயன்படுத்தலாம், மறுக்கவும் செய்யலாம்.

ஆகவே எது இல்லை என்பதைக் கீழிருந்து மேலாகத்தான் தேட வேண்டும். நீங்கள் மேலிருந்து தொடங்கிவிட்டீர்கள். மூன்றாம் மாடியில் தண்ணீர் வரவில்லை என்று அங்கேயே குழாயை மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள். 1024×768 என்ற ஒரே அளவு மட்டும் காட்டப்படுவதைப் பார்த்தால், கீழே மோட்டாரே ஓடவில்லை என்று எனக்குப் படுகிறது.

மூன்று செய்திகளைத் தாருங்கள். டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘-கே’ சேர்த்து இயக்கி, விஜிஏ என்று தொடங்கும் பகுதியின் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மெசா-யுடில்ஸ் தொகுப்பை நிறுவி, ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளையை ‘-பி’ சேர்த்து இயக்கி, ‘ரெண்டரர்’ வரியை அப்படியே எழுதுங்கள். கடைசியாக, ‘/பிராக்/சிஎம்டிலைன்’ கோப்பில் உள்ள ஒற்றை வரி. கெர்னல் எந்தெந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டு எழுந்தது என்பது அதில் இருக்கும்.

வடக்குவீதி

மிக்க நன்றி ஐயா. எல்எஸ்பிசிஐ வெளியீட்டில் விஜிஏ பகுதியின் கீழே ‘கெர்னல் மாட்யூல்ஸ்: ஐ915’ என்று இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்ட ‘இன் யூஸ்’ வரி இல்லை. ரெண்டரர் வரியில் இன்டெல் என்ற பெயரே இல்லாமல் ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருக்கிறது. அதற்கு மேலே ‘டைரக்ட் ரெண்டரிங்: யெஸ்’ என்றும் வருகிறதே, அப்படியானால் கிராபிக்ஸ் சிப்பே வரையும் வன்பொருள் முடுக்கம் வேலை செய்கிறது என்று பொருள் இல்லையா? சிஎம்டிலைன் கோப்பின் வரி ‘கொயட் ஸ்ப்ளாஷ் நோமோட்செட்’ என்று முடிகிறது.

அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்ததும்தான் நினைவுக்கு வந்தது. நிறுவி முடித்து முதல்முறை தொடங்கியபோது மின்ட் சின்னம் தோன்றி மறைந்ததும் திரை முழுக்கக் கருத்துவிட்டது. அப்போது கைப்பேசியில் தேடி, ஒரு பதிலில் சொல்லியிருந்தபடி க்ரப் என்னும் தொடக்க நிரலின் கோப்பில் அந்தச் சொல்லைச் சேர்த்தேன். திரை வந்துவிட்டது, நானும் அதை மறந்துவிட்டேன்.

கெர்னல் கிழவர்

அந்த ஒரு சொல்தான் காரணம்.

லினக்ஸ் கெர்னலே திரையின் அளவை அமைக்கும் முறை இன்டெல் சிப்புகளுக்கு 2009இல் வெளியான 2.6.29 பதிப்பில் வந்தது. அதற்கு முன் அந்த வேலையை எக்ஸ் சர்வர் என்னும் திரையைக் கவனிக்கும் நிரல் செய்துகொண்டிருந்தது. நோமோட்செட் என்று எழுதினால், அந்த வேலையைச் செய்யாதே என்று கெர்னலுக்குச் சொல்கிறோம். ஐ915 மாட்யூலும் வேலையை ஏற்காமல் ஒதுங்கிவிடும். பழைய காலத்தில் எக்ஸ் சர்வர் கைகொடுக்கும். இன்றைய மெசா முழுக்க முழுக்கக் கெர்னலின் டிரைவரை நம்பியே எழுதப்பட்டிருப்பதால், அது இல்லாதபோது ஜிபியுவைத் தொடவே வழி இல்லை. பயாஸ் விட்டுச்சென்ற சட்டத்துக்குள்ளேயே திரை நிற்கிறது. உங்கள் கணினியில் அது 1024×768. ‘/டெவ்/டிஆர்ஐ’ என்ற அடைவைத் திறந்து பாருங்கள், ‘ரெண்டர்டி128’ என்ற கோப்பு அங்கே இருக்காது. வன்பொருள் முடுக்கம் வேண்டுமென்கிற எந்த மென்பொருளும் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

எல்எல்விஎம்பைப் என்பது ஜிபியு செய்ய வேண்டிய வேலையை அப்படியே செயலியில் செய்து காட்டும் மெசாவின் பகுதி. திரையை 64×64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டி, கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து வரையச் சொல்கிறது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 1024×768 என்றால் 7,86,432 புள்ளிகள், நொடிக்கு 60 முறை முழுத்திரையையும் புதுப்பிக்க நேர்ந்தால் 4.7 கோடி. சின்னமன் ஒவ்வொரு சாளரத்தையும் ஓப்பன்ஜிஎல் வழியாகவே திரையில் அடுக்குவதால், சாளரத்தை நகர்த்தும் சிறு செயலுக்கும் இந்தச் சுமை வருகிறது. அதற்கு மேல் காணொளியையும் அதே நான்கு கோர்கள் பிரிக்க வேண்டும். நிழல், ஒளிபுகும் பட்டைகள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

‘டைரக்ட் ரெண்டரிங்: யெஸ்’ என்ற வரியைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர், நானும் ஒரு காலத்தில் ஏமாந்திருக்கிறேன். வரைபவர் யார் என்பதை அது சொல்வதில்லை. எக்ஸ் சர்வரை இடையில் நிறுத்தாமல் நிரல் நேராக வரைகிறது என்பதே அதன் பொருள். வரைவது செயலியாகவும் இருக்கலாம். சில வரிகள் கீழே ‘ஆக்சிலரேட்டட்’ என்று ஒன்று இருக்கும். அதில் ‘நோ’ என்றிருந்தால் கதை முடிந்தது.

இனிச் செய்ய வேண்டியது. க்ரப் கோப்பை எடுத்த எடுப்பில் மாற்றாதீர்கள். திரை மறுபடியும் கருத்தால் திண்டாடுவீர்கள். கணினியை மறுதொடக்கம் செய்து, க்ரப் பட்டியல் வந்ததும் முதல் வரியில் நின்று ‘இ’ விசையை அழுத்துங்கள். (பட்டியல் தோன்றாவிட்டால் தொடங்கும் நேரத்தில் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட்.) ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் உள்ள நோமோட்செட் சொல்லை மட்டும் நீக்கி எஃப்10 அழுத்தினால், அந்த ஒரு முறைக்கு மட்டும் மாற்றம் நடப்பில் இருக்கும். நல்லபடியாகத் திரை வந்தால் ‘/ஈடிசி/டிஃபால்ட்/க்ரப்’ கோப்பிலும் அந்தச் சொல்லை நீக்கி ‘சூடோ அப்டேட்-க்ரப்’ கொடுங்கள்.

திரை கருத்தால், அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: திரையை எந்தக் கம்பியில் இணைத்திருக்கிறீர்கள்?

வடக்குவீதி

ஐயா, திரை கருத்தது. ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியிலேயே விடை இருந்தது.

என் திரையில் விஜிஏ துளை மட்டுமே உண்டு. கணினியின் பின்புறத்திலும் விஜிஏ துளை இருந்தும், கம்பி குட்டையாக இருந்ததால், டிஸ்ப்ளேபோர்ட் துளையில் ஒரு மலிவான மாற்றியைச் செருகி அதன் வழியாக இணைத்திருந்தேன். அதைக் கழற்றிவிட்டு மேசையைச் சுவரோடு நெருக்கி நேராக விஜிஏ துளையில் செருகினேன். நோமோட்செட் இல்லாமலேயே திரை வந்தது, 1600×900 அளவும் வந்தது. ரெண்டரர் வரியில் இப்போது ‘மெசா இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 4600 (எச்எஸ்டபிள்யூ ஜிடி2)’ என்று இருக்கிறது. சாளரங்கள் விரலோடு ஒட்டிக்கொண்டு நகர்கின்றன.

ஆனால் யூடியூபில் 1080பி காணொளி ஓடும்போது செயலி இன்னும் 60 முதல் 70 விழுக்காடு வரை போகிறது. காணொளி டிரைவரைச் சோதிக்கும் ‘விஏஇன்ஃபோ’ கட்டளையை இயக்கினால், ஐஎச்டி என்று பெயர் தொடங்கும் ஒரு கோப்பின் ‘இனிட் ஃபெயில்ட்’ என்ற பிழையோடு நின்றுவிடுகிறது.

மின்மினி

கெர்னல் கிழவர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மாற்றி ஏன் திரையைக் கெடுத்தது என்பதை முதலில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஐ915 மாட்யூல் திரையிடம் அதன் அளவுகளைக் கேட்டு வாங்கியே அமைக்கிறது, அந்தக் குறிப்பை ஒழுங்காகக் கடத்தாத மாற்றிகள் சந்தையில் உண்டு.

இப்போது காணொளி. சாளரங்களை வரையும் மின்சுற்றும் காணொளியைப் பிரிக்கும் மின்சுற்றும் சிப்புக்குள் வெவ்வேறானவை. ஒன்று சரியானதால் மற்றொன்று தானாகச் சரியாகாது. இன்டெல்லுக்கு விஏ-ஏபிஐ டிரைவர்கள் இரண்டு இருக்கின்றன. பழையதன் பெயர் ஐ965. புதியதன் பெயர் ஐஎச்டி, தொகுப்புப் பட்டியலில் இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர் என்று வரும். புதியது 5ஆம் தலைமுறையான பிராட்வெல்லிலிருந்துதான் தொடங்குகிறது. உங்களுடைய 4570 செயலியோ 2013இல் வந்த 4ஆம் தலைமுறை ஹாஸ்வெல். வழிகாட்டியை எழுதியவர் புதிய மடிக்கணினி வைத்திருந்திருப்பார். அவர் சொன்ன வரி உங்கள் சிப்பின் மேல் பொருந்தாத டிரைவரைத் திணிக்கிறது. வழக்கமாக விஏ-ஏபிஐ நூலகம் ஐஎச்டி தோற்றால் தானாகவே ஐ965ஐ முயன்று பார்க்கும். ‘லிப்விஏ_டிரைவர்_நேம்’ என்ற மாறியில் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் அந்த முயற்சியையும் கைவிட்டுவிடும். சூழல் கோப்பில் சேர்த்த வரியை நீக்குங்கள், ஐ965-விஏ-டிரைவர் தொகுப்பு இருப்பதை உறுதிசெய்யுங்கள், வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

அதன்பின் விஏஇன்ஃபோ நீளமான பட்டியல் தரும். அதில் ‘விஎல்டி’ என்று முடியும் வரிகள் உங்கள் சிப் எதையெல்லாம் பிரிக்க வல்லது என்பதைச் சொல்பவை. எம்பெக்-2, எச்.264, விசி-1 ஆகிய காணொளி வடிவங்கள் இருக்கும். விபி9, எச்இவிசி, ஏவி1 இருக்கமாட்டா. இதை எந்த டிரைவரும் மாற்ற முடியாது, ஏனென்றால் அந்த மின்சுற்றே சிலிக்கானில் பொறிக்கப்படவில்லை. எச்இவிசி 8-பிட் 6ஆம் தலைமுறையில் வந்தது. விபி9உம் 10-பிட் எச்இவிசியும் முழுமையாக வந்தது 7ஆம் தலைமுறையில். ஏவி1 வந்தது 11ஆம் தலைமுறை டைகர் லேக் சிப்புகளில்.

உங்கள் செயலி ஏன் இன்னும் உழைக்கிறது என்பது இங்கேதான் இருக்கிறது. காணொளியின் மேல் வலது சொடுக்குச் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால், கோடெக் (காணொளி வடிவம்) வரியில் ‘விபி09’ அல்லது ‘ஏவி01’ என்று தொடங்கும் குறியீட்டைப் பார்ப்பீர்கள். உலாவி விபி9உம் ஏவி1உம் தெரியும் என்று சொல்லும்போது யூடியூப் பெரும்பாலும் அவற்றையே அனுப்புகிறது. அதே கொள்ளளவில் தரம் கூடுதலாகக் கிடைப்பதால் அவர்கள் பக்கம் அது நியாயமே. எச்.264 வடிவத்தை மட்டும் கேட்க வைக்கும் நீட்சிகள் ஃபயர்ஃபாக்ஸுக்குக் கிடைக்கின்றன. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வடிவத்தில் யூடியூப் 1080பி வரைதான் தருகிறது. உங்கள் திரை 1600×900 என்பதால் எதையும் இழக்கமாட்டீர்கள்.

உலாவியில் பார்க்க வேண்டியது இரண்டு. முகவரிப் பட்டையில் ‘அபவுட்:சப்போர்ட்’ என்று தட்டினால் ‘கம்பாசிட்டிங்’ வரியில் ‘வெப்ரெண்டர்’ என்று மட்டும் இருக்க வேண்டும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சாஃப்ட்வேர்’ என்று இருந்தால் உலாவி இன்னும் செயலியை வைத்தே வரைகிறது. அதே பக்கத்தில் ‘ஹார்டுவேர் வீடியோ டிகோடிங்’ பற்றிய வரியும் உண்டு. லினக்ஸில் இன்டெல் சிப்புகளுக்கு இதை 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது. தடுக்கப்பட்டதாகக் காட்டினால் மட்டும் ‘அபவுட்:கான்ஃபிக்’ சென்று ‘மீடியா.ஹார்டுவேர்-வீடியோ-டிகோடிங்.ஃபோர்ஸ்-எனேபிள்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கிப் பாருங்கள்.

உலாவியை நம்பாமல் சோதிக்க விரும்பினால், எச்.264 கோப்பு ஒன்றை எம்பிவி என்னும் காணொளி பிளேயரில் ‘--எச்டபிள்யூடெக்=விஏஏபிஐ’ என்று கொடுத்து ஓட்டுங்கள். பக்கத்து டெர்மினலில் ‘சூடோ இன்டெல்_ஜிபியு_டாப்’ ஓடட்டும். ‘வீடியோ’ என்ற பட்டை எழும்பினால் மின்சுற்று வேலை செய்கிறது. ‘ரெண்டர்’ பட்டை மட்டும் எழும்பினால் இல்லை. எந்தக் கையேட்டையும்விட நான் நம்புவது இந்தப் பட்டையைத்தான்.

ஒரு சிறு விலகல்: ஃபிளாட்பேக் என்னும் தனித்தொகுப்பு முறை வழியாக நிறுவிய நிரல்கள் உங்கள் கணினியில் உள்ள மெசாவையும் விஏ-ஏபிஐ டிரைவரையும் பார்ப்பதில்லை, தம்முடைய ரன்டைமோடு (துணை நூலகத் தொகுப்போடு) வரும் பிரதியையே பயன்படுத்துகின்றன. விஏஇன்ஃபோ எல்லாம் சரி என்று சொல்லியும் ஒரு நிரல் மட்டும் அடம்பிடித்தால் முதலில் அங்கே பாருங்கள்.

பூவரசு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இத்தனை பாடுபடுவதற்குப் பதில், பழைய பொருள் விற்கும் கடையில் ஜிடி 710 போன்ற என்விடியா அட்டை ஒன்றை வாங்கிப் பொருத்தினால் வேலை முடிந்துவிடாதா? நான் ஃபெடோரா லினக்ஸில் ஏஎம்டி அட்டை வைத்திருக்கிறேன், எனக்கும் எச்.264 முடுக்கம் கிடைப்பதில்லை. நானும் அட்டையை மாற்றத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கெர்னல் கிழவர்

பூவரசு, பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜிடி 710 அட்டையில் உள்ள கெப்லர் சிப்பிலும் விபி9 மின்சுற்று இல்லை. போதாக்குறைக்கு அந்தத் தலைமுறை என்விடியாவின் 470 வரிசை டிரைவரோடு நின்றுவிட்டது. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அந்தப் பழைய மாட்யூல் தொகுபடுமா என்று காத்திருக்க வேண்டிவரும். கையில் இருக்கும் ஹாஸ்வெல் சிப்புக்கோ டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வளர்கிறது. ஜிடி 1030 விபி9ஐப் பிரிக்கும் என்றாலும், அது அடங்கிய பாஸ்கல் தலைமுறைக்கு 580 வரிசையே கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. நூவோ என்ற திறந்த டிரைவரை நம்பலாமென்றால், பாஸ்கல் சிப்பின் கடிகார வேகத்தை உயர்த்த என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் வேண்டும். அது கிடைக்காததால் அட்டை தொடக்க வேகத்திலேயே தவழும். டூரிங் தலைமுறையிலிருந்து நிலைமை மாறியிருக்கிறது, ஆனால் அந்த விலைக்கு முழுக் கணினியே மாற்றிக்கொள்ளலாம்.

ஏவி1 வரை பிரிக்கும் இன்டெல் ஆர்க் அட்டைகளைப் பற்றி யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: அவை ரீசைசபிள் பார் என்னும் வசதியை (அட்டையின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரேயடியாக அணுகுவது) எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை, 2013ஆம் ஆண்டு மதர்போர்டுகளில் அது கிடையாது, வேகம் வெகுவாகக் குறையும்.

உங்கள் ஃபெடோரா சிக்கல் அட்டையால் வந்ததே அல்ல. எச்.264, எச்இவிசி, விசி-1 ஆகியவற்றுக்கான விஏ-ஏபிஐ பகுதியை, காப்புரிமை குறித்த தயக்கத்தால், 2022 செப்டம்பரில் ஃபெடோரா தன் மெசா தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, மெசா-விஏ-டிரைவர்ஸ் தொகுப்பின் இடத்தில் அதே பெயருடன் ‘ஃப்ரீவேர்ல்ட்’ என்று முடியும் தொகுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். சிப் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பூவரசு

இது எனக்கு இவ்வளவு நாள் தெரியாது. இரவே மாற்றிப் பார்க்கிறேன் ஐயா.

வடக்குவீதி

மின்மினி அவர்களுக்கும் ஐயாவுக்கும் நன்றி. சூழல் கோப்பின் வரியை நீக்கியதும் விஏஇன்ஃபோ ஐ965 டிரைவரின் பெயரோடு பட்டியலைத் தந்தது. சொன்னபடியே விபி9 அதில் இல்லை. நீட்சியைச் சேர்த்தபின் கோடெக் வரி ‘ஏவிசி1’ (அதாவது எச்.264) என்று மாறிவிட்டது. 1080பி காணொளி ஓடும்போது செயலி இப்போது 15 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. இன்டெல்_ஜிபியு_டாப்பில் ‘வீடியோ’ பட்டை மட்டும் நிதானமாக ஏறி இறங்குகிறது. விசிறி ஓடுகிறதா என்று மகள் பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டாள்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. நோமோட்செட் சேர்த்திருந்த நாட்களில் திரையில் கிழிசல் போலக் கோடு தெரிந்ததால், எக்ஸ் சர்வருக்கு ‘20-இன்டெல்’ என்ற பெயரில் ஓர் அமைவுக் கோப்பு எழுதிவைத்தேன். அது இன்னும் இருக்கிறது. இருக்கட்டுமா?

மின்மினி

நீக்கிவிடுங்கள். அந்தக் கோப்பு, எக்ஸ் சர்வருக்கென்று இன்டெல் தனியாக எழுதிய பழைய டிரைவரை அழைப்பது. அதன் 2.99.917 பதிப்பு 2014 டிசம்பரில் வந்தது. அதற்குப் பின் முறையான வெளியீடே இல்லை. மின்ட் இயல்பாகப் பயன்படுத்தும் ‘மோட்செட்டிங்’ டிரைவரே உங்கள் சிப்புக்குப் போதும். நீக்கிய பின்னும் கிழிசல் தெரிந்தால், எந்த நிரலில், முழுத்திரையிலா சாளரத்திலா என்று குறிப்பிட்டு எழுதுங்கள். சின்னமனில் முழுத்திரைச் சாளரங்களுக்கு மட்டும் கம்பாசிட்டிங்கை (சாளரங்களைச் சேர்த்து அடுக்கும் வேலையை) நிறுத்தும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அடுத்து அதைப் பார்க்கலாம்.

வடக்குவீதி

நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்தேன். ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன், கிழிசல் இல்லை. மாற்றியைக் குப்பையில் போடுவதா, விண்டோஸ் வைத்திருக்கும் தம்பிக்குக் கொடுப்பதா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.